கயிறில்லாமல் வாங்கிய பசு

1. வாலாஜாபாத் பக்கத்தில் என் முதல் பசுவை விலை பேசி முடித்தேன்.
2. விற்றவர் தன் கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.
3. வாங்குபவர்தான் புதுக் கயிறு கொண்டுவர வேண்டும் என்பது, தறிக்காரர் வீட்டில் பிறந்த எனக்குத் தெரியாது.

விற்றவர் முன்பல் விழுந்த மனிதர். பேசும்போதெல்லாம் பசுவின் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தார்.

“கயிறுகூட இல்லாம வந்துக்கினு, இத எப்டிமா வளப்ப? நான் குடுக்கல, போ.”

“தெரியாதுதாண்ணா. கத்துக்கிறேன்” என்று என் துப்பட்டாவைப் பசுவின் கழுத்தில் கட்டினேன். அது நுனியை மெல்லத் தொடங்கியது. நான் பிடுங்கவில்லை.

அவர் சிரித்துவிட்டார். “துணி தின்னும்மா இது. பட்டுச்சேலய கொடியில போட்டுடாத!”

அவரே கடைக்குப் போய்ப் புதுக் கயிறு வாங்கிவந்து, என்னைக் கட்டச் சொன்னார். எதைப் பார்த்து மனம் மாறினார் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

செவிலிமேட்டில் என் வீட்டுக் கொட்டகையில் இப்போது பசுவும் அதன் கன்றும் நிற்கின்றன. இரண்டாவது பசுவுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறேன்.