கொடும்பாவிக்குக் கட்டிய சேலை

இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் எங்கள் நல்லம்பள்ளிப் பக்கம் பஸ்கள் கரியில் ஓடின. பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய இரும்பு உருளை இருக்கும். அதில் கரியைக் கொட்டி எரித்து, அதிலிருந்து வரும் வாயுவில் எஞ்சினை ஓட்டுவார்கள். ஏறி இறங்கினால் சளிகூடக் கறுப்பாக வரும். அந்தக் கரிக்காக மலையடிவார மரங்களை வெட்டிக் குவித்து, மண்ணால் மூடி, உள்ளே கனலவிட்டு மூட்டம் போட்டார்கள். மூட்டம் புகையும் நாட்களில் எங்கள் கூழும் புகை நாறும்.

அந்தச் சமயத்தில்தான் மழை தவறியது. கேழ்வரகு முளைத்த இடத்திலேயே கருகியது. ஊர் கூடிக் காரணம் தேடியது. காரணம் எங்கள் வீட்டிலேயே இருந்ததாம்: என் அத்தை, அப்பாவின் தங்கை. அடித்து உதைத்த புருஷனை விட்டுவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்தவள். இனி அவள் எங்களோடு இருப்பதா போவதா என்பதை மேகம் பார்த்து முடிவு செய்ய வேண்டியதாயிற்று.

"புருசன உட்டுட்டு வந்தவள வூட்டுல வெச்சிருந்தா மழ எப்டிங்க பேயும்?" என்று அப்பாவிடம் வந்து கேட்டவர், மரம் வெட்டி மூட்டம் போட்ட கரி காண்ட்ராக்டர். அவருக்கு நகக்கண்ணெல்லாம் கரி. அவர் போனபின் அம்மா அவர் நின்ற இடத்தைச் சாணம் போட்டு மெழுகினாள்.

மழை இல்லாவிட்டால் எங்கள் ஊரில் கொடும்பாவி இழுப்பார்கள். வைக்கோலில் பெண் பொம்மை செய்து, ஊர்ப் பாவத்தையெல்லாம் அதன் தலையில் ஏற்றி, தெருத்தெருவாக இழுத்துப் போய், ஒப்பாரி வைத்துச் சுடுகாட்டில் கொளுத்துவது வழக்கம். அந்த முறை பொம்மைக்குக் கட்டியிருந்தது அத்தையின் பச்சைச் சேலை. எங்கள் கொடியில் காய்ந்ததை யாரோ உருவிப் போயிருந்தார்கள். கயிற்றை முன்னால் நின்று இழுத்தவர் அதே காண்ட்ராக்டர். பின்னால் கூட்டத்தோடு அப்பாவும் நடந்தார்.

"அண்ணா, அது என் சேலைங்கண்ணா" என்றாள் அத்தை, வாசலில் நின்று. அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை. யார்மேல் எனக்கு அதிக அருவருப்பு என்று கேட்டால், அப்பாமேல்தான்.

மறுநாள் அத்தை கரி பஸ் ஏறிச் சேலத்துக்குப் போனாள். பஸ்ஸின் மேல் காண்ட்ராக்டரின் கரி மூட்டைகள். கொஞ்ச நாளில் மழை பெய்தது. "பாத்தீங்களா, பாவம் போயிருச்சு" என்று ஊரே பல்லைக் காட்டியது.

கரி விஷயம் எனக்குப் பின்னாளில் படித்துத்தான் தெரிந்தது. மரம் காற்றில் வாயுவாகக் கலந்திருக்கும் கரியை எடுத்துத் தன் உடம்பாக்கிக்கொள்கிறது. எரித்தால் அது மறுபடி கரியமில வாயுவாகிக் காற்றுக்கே திரும்புகிறது. வெயிலை அந்த வாயு உள்ளே விட்டுவிடும். சூடேறிய பூமி வெளியே விடும் வெப்பத்தை மட்டும் முழுதாகப் போகவிடாது, கம்பளி போர்த்திய மாதிரி. மரம் போதாதென்று பூமிக்கடியில் கிடந்த நிலக்கரியையும் எண்ணெயையும் உலகமே தோண்டி எரித்தது. அந்த வருஷத்து வறட்சியை எங்கள் ஊர் மூட்டத்தின் தலையில் நான் கட்ட மாட்டேன். கட்டினால் எனக்கும் அந்த ஊருக்கும் என்ன வித்தியாசம்? அதற்கு முன்பும் மழை தவறியதுண்டு. ஆனால் வானத்தைக் கெடுக்கிற வேலையைச் செய்தவர் கயிற்றைப் பிடித்திருந்தார். ஒன்றும் செய்யாதவளின் சேலை எரிந்தது.

அந்த வாயு மழையில் கழுவிப் போவதில்லை. அதில் ஒரு பங்கு நூற்றாண்டுக் கணக்கில் தங்கிவிடும். அத்தையை ஏற்றிப்போன பஸ் விட்ட வாயுவிலும் கொஞ்சம் இன்னும் நம் தலைக்கு மேல்தான் இருக்கிறது. அத்தைதான் திரும்பி வரவில்லை. அப்பா கூப்பிடவும் இல்லை.