மாஹ்ரோக் மூடிய வாய்க்கால்

கெர்மானுக்குக் கிழக்கே பாலைவன ஓரத்திலிருந்த அந்தத் தோட்டத்துக்கு மாஹ்ரோக் பதினேழு வயதில் வாழ வந்தாள். கணவன் கன்பர் அங்கே காவல்காரன். தோட்டத்தைக் கட்டிய இளவரசரின் வாரிசுகள் தெஹ்ரானுக்குப் போய் நெடுநாளாகியிருந்தது. மாளிகையின் கீழறைகளில் அவள் ஆடு கட்டினாள். மலையடியிலிருந்து சுரங்கக் கால்வாயில் வந்து, தோட்டத்துக்குள் திறந்த வாய்க்காலாக ஓடிய தண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

மூன்று வயதில் அவள் மகன் ஈரஜ் அந்த வாய்க்காலில் விழுந்து இறந்தான். அவள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த நேரம். அந்த வாரமே அவளும் கன்பரும் கல்லும் மண்ணும் போட்டு வாய்க்காலை மூடி, தண்ணீரைப் பொட்டலுக்குத் திருப்பிவிட்டார்கள். மூடிய இடத்தின் மேல் புது அடுப்பு கட்டினாள். மூன்று கோடைகளில் கீழ்த் தோட்டம் பட்டுப்போனது. ஊற்று வற்றிவிட்டதென்று ஊர் பேசியது. இவர்கள் மறுக்கவில்லை.

முப்பத்தொரு வருடம் கழித்து அரசு தோட்டத்தைச் சீரமைக்க வந்தது. கன்பர் அப்போது உயிரோடு இல்லை. ஃபர்சானே என்ற பொறியாளர் கீழே இருநூறு சைப்ரஸ் கன்றுகள் நட்டாள். லாரியில் வந்த தண்ணீர் போதவில்லை. மேலே தண்ணீர் இருந்தது. கீழே வரும் வழிதான் தெரியவில்லை. ஆட்கள் இடம் மாற்றி மாற்றித் தோண்டினார்கள்.

"இன்னும் நாலு குழி போட்டா கடலே வந்துரும், இன்ஜினியரம்மா," என்றான் மேஸ்திரி ரஹ்மத்.

மாஹ்ரோக்கிடம் இரண்டு முறை கேட்டார்கள். தெரியாது என்றாள். ஆனால் தினமும் கீழே போய்க் கன்றுகளைத் தொட்டுப் பார்த்தாள். ஜூலையில் அவை காய்ந்து பழுப்பேறத் தொடங்கின. ஒரு காலை, ரொட்டி சுட்டு முடித்ததும் ஃபர்சானேயைக் கூப்பிட்டாள்.

"இந்த அடுப்ப இடிச்சிரும்மா. கீழதான் வாய்க்கா இருக்கு. நாங்கதான் மூடினோம்."

மகனைப் பற்றியும் சொன்னாள். ஃபர்சானே அடுப்பை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தாள்.

"மேல கல்பலகை போட்டு மூடியே கொண்டுபோயிடலாம்மா. யாரும் விழ மாட்டாங்க."

"தண்ணி கண்ணுக்குத் தெரியலேன்னா அது என்ன தோட்டம்? ஓரத்துல முழங்கா உசரத்துக்குச் சுவர் வை. அது போதும்."

முதல் செங்கலை அவளே பெயர்த்தாள். நான்காம் நாள் தண்ணீர் கீழே இறங்கியது. ஆட்கள் கைதட்டினார்கள். அவள் அப்போது ஆடுகளை ஓட்டிக்கொண்டு வெளியே போயிருந்தாள். அறுபது கன்றுகள் தப்பவில்லை, மற்றவை பிடித்துக்கொண்டன.

மாளிகை வேலை முடிய மேலும் ஐந்து வருடமானது. மாஹ்ரோக்குக்கு வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை கொடுத்தார்கள். முதல் இரண்டு வருடம் அவள் கீழ்த் தோட்டத்துப் பக்கம் போகவே இல்லை. பிறகு மத்தியானச் சாப்பாட்டை அங்கே எடுத்துப் போகத் தொடங்கினாள்.