ரொட்டியக்காவின் குடும்பப் பெயர்

எங்கள் குடும்பப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று என் கணவரின் அண்ணன் வேலை மெனக்கெட்டுத் தேடிக்கொண்டிருந்தார். பேக்கரியை மகன் கையில் கொடுத்தபிறகு அவருக்குப் பொழுது போகவில்லை. முதலில் விசாரித்த ஆள், அது கழுதை ஓட்டியவர்களின் பெயர் என்றார். அடுத்த ஆள், சேற்று நிலத்தில் குடியிருந்தவர்களை அப்படிக் கூப்பிடுவார்கள் என்றார். இரண்டு பேருக்கும் ஒரு மண்ணும் தெரியாது என்று முடிவாயிற்று. மூன்றாவது ஆள் 'கோட்டைக் காவலன்' என்றார். ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது. அன்றிலிருந்து நேரில் அவர் எனக்கு அத்தான், மனசுக்குள் கோட்டைக் காவலர்.

நான் இந்த வீட்டின் இளைய மருமகள். தாலி ஏறியதும் அந்தப் பெயர் என் பெயரோடும் ஒட்டிக்கொண்டது. பேக்கரியின் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் என் தலையில்தான். ஆனால் நான் சொல்ல வந்தது எங்கள் கதையை அல்ல. எங்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது, நினைத்தாலே குமட்டுகிறது. பேக்கரியில் மாவு பிசைந்த ரொட்டியக்காவின் கதை இது.

அவளுடைய அம்மா எங்கள் பேக்கரியில் ரொட்டிக்குத் தாள் சுற்றும் வேலையில் இருந்தவள். காய்ச்சல் வந்து அவள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு ஒன்பது வயது. என் மாமனார்தான் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார். "நாதியில்லாத புள்ள, நம்ம வீட்டுல ஒரு மூலையில இருந்துட்டுப் போகட்டும்" என்றாராம். தெருவே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். அவர் தன் பெயரையே சொல்லிவிட்டார். அதையும் சும்மா விடவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "பேரில்லாத புள்ளைக்கு என் பேரையே கொடுத்தேன்" என்று சாகிறவரைக்கும் சொன்னார். அவர் அப்படிச் சொல்லும்போது அந்தப் பிள்ளை விருந்தாளிக்குக் காபித் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கும்.

மூலை என்று அவர் சொன்னது பேச்சுக்கு அல்ல. மாவு மூட்டை அடுக்கும் அறையில் ஒரு மூலை. ஜன்னல் கிடையாது. மூட்டை வந்து இறங்கும் நாட்களில் படுக்கை போட இடம் இருக்காது, மூட்டை மேலேயே சுருண்டுகொள்வாள். பள்ளிக்கூடம் சில வருஷத்தில் நின்றது. அப்புறம் முழு நேரமும் மாவுதான். பிசைகிற மெஷின் வருவதற்குமுன் அவள் இரண்டு கைதான் மெஷின். முழங்கைக்குக் கீழே அடுப்புத் தட்டு சுட்ட தழும்பு வரிவரியாக இருக்கும். வருஷம் முழுக்க இருமல். மாவுத்தூள் நெஞ்சில் இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னதை நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டோம், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் அவளுக்குக் குறை என்று ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக வரும். ஆஸ்பத்திரியில் பேர் கூப்பிடும்போது பாதிப் பேரோடு நிறுத்தினால் எழுந்திருக்க மாட்டாள். "முழுப் பேரையும் சொல்லுங்கம்மா, எங்க பெரிய முதலாளி குடுத்த பேரு" என்பாள். எங்கள் வீட்டில் பிறந்த ஒருவர்கூட அந்தப் பெயரை இவ்வளவு ஆசையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவளுக்கு என்று தனித் தட்டு, தனி டம்ளர். கல்யாணமாகி வந்த புதிதில், தெரியாமல் அந்த டம்ளரை மற்றதோடு சேர்த்துக் கழுவிவிட்டேன். என் மாமியார் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப்போட்டுத் தேய்த்தார். "அவ மேல எனக்கு என்ன கோபம்? சுத்தம்னு ஒண்ணு இருக்கில்ல" என்றார். பணக்காரத் திமிர் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மாள் எதைத் தேய்த்துக்கொண்டிருந்தார் என்று இப்போதுதான் புரிகிறது.

ஒருமுறை அவளுக்கு ஒரு மாப்பிள்ளை வந்தது. கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோகும் வேன் டிரைவர், நல்ல மனுஷன், அவரே வந்து கேட்டார். "அவ போயிட்டா அடுப்பை யாரு பார்க்கறது?" என்று மாமனார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். டிரைவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். ரொட்டியக்கா இதை என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். "என்னை நம்பித்தான் அவ்வளவு பெரிய கடையையே வெச்சிருந்தாரு பெரிய முதலாளி!"

இனி எச்சில் விஷயத்துக்கு வருகிறேன். சொல்லவே கூசுகிறது, ஆனால் சொல்லாமல் முடியாது.

கடை வாசல் சுவரில் வம்ச மரம் ஒன்று வரைய வேண்டும் என்று கோட்டைக் காவலர் கிளம்பினார். வேரில் முப்பாட்டன், கிளையில் நாங்கள். பக்கத்தில், எல்லோரும் ஒரே ரத்தம் என்று டி.என்.ஏ. சோதனைச் சான்று ஒட்ட வேண்டுமாம். பெயின்டர் வந்து மரத்தண்டை வரைந்துகொண்டிருந்தபோது ரொட்டியக்கா மாவுக் கையோடு வந்து நின்றாள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒன்று கேட்டாள்.

"என் பேரும் ஒரு ஓரமா வருமா முதலாளி? சின்னதா எழுதினாப் போதும்."

"ரத்தம் இருக்கறவங்களுக்குத்தான் இதெல்லாம்" என்றார் அவர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"சரிங்க முதலாளி" என்று போய்விட்டாள். ஆனால் அதற்கப்புறம் தினமும் ரொட்டித் தட்டை எடுத்துப் போகும்போது அந்தச் சுவர் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று பார்க்கிற பார்வை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவுக்கூட்டம் மொத்தமும் கடை மாடியில் கூடியது. ஆளுக்கொரு குழாய். அதில் ஒரு கோடு. கோடு வரை எச்சில் துப்பி மூடிபோட்டுச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். பெரிய மனிதர்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்து காறிக்கொண்டிருந்த காட்சியை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கோட்டைக் காவலர் மட்டும் "இதோ வரேன்" என்று குழாயோடு கீழே போனார். கொஞ்ச நேரத்தில் நிறைத்துக்கொண்டு வந்துவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள்.

முடிவு என் கம்ப்யூட்டருக்குத்தான் வந்தது. கோட்டைக் காவலரின் குழாயைப் பற்றி மட்டும் தனியாக ஒரு குறிப்பு. நீங்கள் ஆண் என்று எழுதியிருக்கிறீர்கள், அனுப்பியிருப்பது பெண்ணின் எச்சில், சரிபார்க்கவும் என்று இருந்தது. சிரித்துவிட்டேன். அதற்குக் கீழே இருந்ததைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பெண்ணும் என் கணவரும் உடன்பிறப்புகள். தாய் வேறு, தகப்பன் ஒருவர்.

என் கணவரையும் கோட்டைக் காவலரையும் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"அத்தான், உங்க குழாயில துப்பினது யாரு?"

மனுஷன் திருதிருவென்று முழித்தார். "பிரஷர் மாத்திரை போட்டா வாய் காஞ்சு போயிடுதும்மா. மாடியில எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. அவகிட்ட குடுத்துத் துப்பச் சொன்னேன்."

"எவகிட்ட?"

"ரொட்டிக்காரிகிட்டத்தான்."

"அவ துப்பினா அவளோடதுதானே வரும்?"

"நம்ம வீட்டுச் சோத்துல வளர்ந்தவ. இத்தனை வருஷம் நம்ம உப்பைத் தின்னிருக்கா. அந்த எச்சில்ல வேற என்ன வந்துடப் போகுதுன்னு நினைச்சேன்."

அவள் வாய் பட்ட டம்ளரைத் தொடாத வீடு இது. அவள் எச்சிலைத் தன் பெயர் எழுதி அனுப்பும்போது மட்டும் இவருக்குச் சுத்தம் ஞாபகம் வரவில்லை. கோட்டைக் காவலனாம், கோட்டைக் காவலன்!

கீழே இருந்த வரியைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முகம் வெளுத்துப்போனது. 'ஐயோ' என்பார், 'அப்பாவா' என்பார், ஏதாவது மனுஷத்தனமாக ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தேன்.

"இதை வேற யாராவது பார்த்தாங்களா?" என்றார்.

என் கணவரைப் பார்த்தேன். சின்ன வயதில் ரொட்டியக்காவின் இடுப்பிலேயே திரிந்தவர் அவர். அவளிடம் எத்தனை நாள் சோறு வாங்கித் தின்றிருப்பார்! அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "செத்தவரைப் பத்தி இப்ப எதுக்கு?" என்றார். பத்து வருஷம் சண்டை போட்டாலும் வராத வெறுப்பு அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு அவர் மேல் வந்தது.

கோட்டைக் காவலர் அதற்குள் சுதாரித்துக்கொண்டார். "ஒண்ணு பண்ணலாம். வளர்ப்பு மகள்னு ஓரமா அவ பேரைப் போட்டுடுவோம். அவளும் ஆசைப்பட்டாளே. பாவம், சந்தோஷப்படுவா. மத்தது நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும்."

நான் நேராகக் கீழே இறங்கினேன். ரொட்டியக்கா மாவுத் தொட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கேட்டதைவிடப் பெரிதாக அல்லவா கிடைத்திருக்கிறது, அழுவாள், கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் சுரண்டுவதை நிறுத்தினாள்.

"பெரிய முதலாளிக்கு இது தெரியுமா?"

"அவருக்குத் தெரியாம எப்படிக்கா?"

"கூட்டிட்டு வரும்போதே தெரியுமா?"

"தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்திருக்கார்."

மூட்டை மேல் உட்கார்ந்தாள். நெடுநேரம் இருமினாள். அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறவள்போல் மெதுவாகப் பேசினாள்.

"யாரோ பெத்த புள்ளைக்கு இருக்க இடம் குடுத்தாரேன்னு அவரைச் சாமி மாதிரி நினைச்சேன். யாரோ புள்ளைக்கு மூட்டை மேல படுக்கை குடுத்தாலே பெரிசு. யாரோ புள்ளைக்குத் தனித் தட்டுல சோறு போட்டாலே பெரிசு. அந்த டிரைவருக்குக் குடுக்க மாட்டேன்னாரே, அதுகூட முதலாளின்னா அப்படித்தான் யோசிப்பாருன்னு விட்டுட்டேன்." கைத் தழும்பைத் தடவினாள். "பெத்த புள்ளைக்கா இதெல்லாம் செஞ்சாரு?"

உலகத்தில் அவளுக்கென்று இருந்த ஒரே நல்ல மனுஷன் பெரிய முதலாளிதான். அவரும் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து கோட்டைக் காவலர் இறங்கி வந்தார். நான் சொல்லிவிட்டேன் என்பது எங்கள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்திருக்கும். முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டார்.

"உன் பேரைச் சுவத்துல போடச் சொல்லிட்டேன். நாளைக்கே பெயின்டர் வந்துடுவான். இனிமே முதலாளின்னு கூப்பிட வேண்டாம், என்ன? வெளியாளுங்க யாரும் இல்லாதப்ப அண்ணான்னே கூப்பிடு."

ரொட்டியக்கா எழுந்து சேலையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டாள்.

"வேண்டாம் முதலாளி" என்றாள். "நீங்க முதலாளியாவே இருங்க. முதலாளி இப்படி நடத்தினா, எல்லா எடத்துலயும் நடக்கறதுதானேன்னு மனசைத் தேத்திக்கலாம். அண்ணன் நடத்தினார்னா நான் எப்படித் தாங்கறது?"