கரியில் ஓடிய ஆகாயக் கப்பல்

நான் எழுதிய விஞ்ஞானத் தொடர்கதையில் ஏழு பேர் நிலாவுக்குப் போனார்கள். அவர்கள் போன ஆகாயக் கப்பல் கரியில் ஓடியது. ஒரு வாசகர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். இதை எழுதியவர் ரசாயனத்தில் பெரிய பட்டம் வாங்கியவராக இருக்க வேண்டும், கரியின் சக்தியைச் சீமைக்காரர்களே இன்னும் இந்த அளவுக்கு அறியவில்லை என்று அதில் இருந்தது. நான் ஐந்தாவது வரை படித்தவன். எனக்குத் தெரிந்த எந்திரம் ஒன்றே ஒன்றுதான். அது கரியில் ஓடியது. அதனால் கப்பலும் கரியில் ஓடியது.

அந்த எந்திரம் எங்கள் பஸ். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது பஸ்ஸின் முதுகில் ஓர் இரும்பு உலையைக் கட்டிவிட்டார்கள். மேலே கரியைக் கொட்டி, கீழே நெருப்பு வைத்து, பக்கத்தில் இருக்கும் விசிறியைக் கையால் சுற்றிக்கொண்டே இருந்தால் ஒரு வாயு உண்டாகிக் குழாய் வழியாக எஞ்சினுக்குப் போகும். அதற்கு அரை மணி ஆகும். கரி ஈரமாக இருந்தால் முக்கால் மணி. சுற்றுகிறவன் நான்தான், பஸ்ஸின் கிளீனர். நாற்பது வயதைத் தாண்டிய கிளீனர் அந்தத் தடத்தில் நான் ஒருவன்தான். கண்டக்டராக ஆகியிருக்கலாம். ஆனால் கண்டக்டர் நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். உலை என் முகத்தைப் பார்ப்பதில்லை.

பஸ் செம்பரம்பாக்கத்தில் ஏரிக்கரை மேட்டிலிருந்து காலையில் கிளம்பும். பூந்தமல்லி, வானகரம் வழியாகப் பட்டணம் போய், சாயங்காலம் திரும்பி வரும். காலையில் மேட்டிலிருந்து இறக்கம். சாயங்காலம் அதே மேட்டில் ஏறும்போது வண்டிக்கு மூச்சு வாங்கும். எல்லாரும் இறங்கித் தள்ளுவார்கள், ஒரே ஒருத்தியைத் தவிர. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உலையில் ஒரு சின்னக் கண் உண்டு. அதன் மூடியைத் தள்ளிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக ஒரு கொதிப்பு தெரியும். சூரியனுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று ஒருநாள் தோன்றியது. அங்கேதான் கதை ஆரம்பித்தது. மத்தியானம் பட்டணத்தில் வண்டி நிற்கும்போது, வண்டிக்கு அடியில் நிழலில் படுத்துக்கொண்டு, பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதினேன். வேறொரு பெயரைப் போட்டு ஒரு மாதப் பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியரிடமிருந்து கார்டு வந்தது: "தங்கள் கதை நன்று. தொடர்ந்து அனுப்புக. காகிதத்தைத் துடைத்துவிட்டு அனுப்புக."

கதை வர ஆரம்பித்ததும் ஒரு விபரீதம் நடந்தது. எங்கள் கண்டக்டர் அந்தப் பத்திரிகையை வாங்கினார். காலையில் வாயு ஏறும் வரைக்கும் ஜனங்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள் அல்லவா? அவர்களுக்கு என் கதையை உரக்கப் படிக்கத் தொடங்கினார். படிப்பதென்றால் குரலை மாற்றி மாற்றி, மாலுமிக்கு ஒரு இருமல் வைத்து, நிலா ராஜாவுக்கு மூக்கால் பேசி, நாடகமே நடக்கும். நான் பின்னால் நின்று விசிறியைச் சுற்றிக்கொண்டே, அவர் எந்த இடத்தில் வார்த்தையை முழுங்குகிறார் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். முழுங்கிய இடமெல்லாம் நான் மோசமாக எழுதிய இடங்கள்.

அதைவிட லாபம் அவர் படித்து முடித்த பிறகு கிடைத்தது. ஜனங்கள் வாதாடுவார்கள். பூந்தமல்லியில் தகர வேலை செய்யும் பாய் ஒருவர் உலையின் குழாயில் ஓட்டை விழும்போதெல்லாம் வந்து ஈயம் வைத்து அடைப்பார். அடைத்துவிட்டு அதே வண்டியில் ஊர் திரும்புவார். முதல் அத்தியாயத்தைக் கேட்டதுமே அவர் கேட்டார்.

"அது சரி கண்டக்டர், மேல காத்து இல்லன்றானே. காத்து இல்லாத எடத்துல கரி எப்படி எரியும்?"

என் கையில் விசிறி நின்றுவிட்டது. இதை நான் யோசிக்கவே இல்லை.

"அத்த எழுதினவன கேளு பாய். நான் படிக்கிறவன்" என்றார் கண்டக்டர்.

"நானா இருந்தா தகர டின்னுல காத்த அடைச்சு, சுத்தி ஈயம் வெச்சு, நூறு டின்னு ஏத்திக்கினு போவேன்."

அடுத்த மாதம் கப்பலில் நூறு டின் காற்று இருந்தது. பாய் கேட்டுவிட்டு, "பாத்தியா, வெவரமான ஆளுதான் எழுதறான்" என்றார். இப்படித்தான் நான் எழுதினேன். கேள்வி ஒருவர் கேட்பார், பதிலை இன்னொருவர் சொல்வார், நான் இரண்டையும் திருடிக்கொண்டு போய் வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வேன்.

இனி அந்த ஒருத்தி. ஏரி மீன் விற்கும் அம்மாள். கெளுத்தியும் விராலும் கூடையில் உயிரோடு நெளியும். கவுச்சி தாங்காமல் கண்டக்டர் அவளைக் கடைசி சீட்டுக்கு அனுப்பிவிடுவார். டிக்கெட் கொடுப்பதைக்கூட நாலு சீட்டுக்கு முன்னாலேயே நின்று கையை நீட்டிக் கொடுப்பார். மேட்டில் எல்லாரும் இறங்கித் தள்ளும்போது அவள் மட்டும் உட்கார்ந்திருப்பாள்.

"எறங்கும்மா, வண்டி உன் ஒருத்தி கனத்துல பின்னால போவுது" என்பார் கண்டக்டர்.

"டிக்கெட்டு வாங்கினது குந்தறதுக்கு. தள்றதுக்கு எனக்கு காசு குடு, தள்றேன்."

அவளை எப்படி விடுவது? நிலாவின் ராணியாக்கிவிட்டேன். ராணி எங்கேயும் இறங்க மாட்டாள், எதையும் தள்ள மாட்டாள். இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை விடவில்லை.

கடைசி சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகைதான், அதற்கு அந்தப் பக்கம் நான். காலையில் மற்றவர்கள் ஏறுவதற்கு முன்பு அவள் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு மீன்களோடு பேசுவாள். "கோச்சிக்காதீங்கடா கண்ணுங்களா. பட்டணம் பாக்கப் போறீங்க. ஏரியிலயே கெடந்தா இன்னாத்த பாத்திருப்பீங்க." இதை நான் ராணிக்குக் கொடுத்தேன். பூமியிலிருந்து வந்த கப்பலில் ஏறிக்கொண்ட ராணி, ஒரு குடத்தில் நிலா மீன்களை வைத்துக்கொண்டு, "கோபித்துக்கொள்ளாதீர்கள், பூலோகம் பார்க்கப் போகிறீர்கள்" என்று சொன்னாள்.

அந்த அத்தியாயத்தைக் கண்டக்டர் படித்தபோது வண்டியில் எல்லாரும் சிரித்தார்கள். மீன்காரம்மா சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "இத்த எழுதினவன் இந்த வண்டியிலதான் கீறான்."

எல்லாரும் கண்டக்டரைப் பார்த்தார்கள். வண்டியில் பத்திரிகை வாங்குகிறவர் அவர் ஒருவர்தான். அவர் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மேல்துண்டை ஒரு தடவை சரிசெய்துகொண்டு, "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்றார். அந்த நிமிஷத்திலிருந்து அவர் எழுத்தாளராகிவிட்டார்.

எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இதழின் அடியில் ஒரு வரி இருந்தது. காகிதக் கட்டுப்பாட்டினால் பக்கங்கள் குறைகின்றன, தொடர்கதை அடுத்த இதழோடு முடியும். எனக்கும் தனியாக ஒரு கார்டு வந்தது. மூன்றே பக்கம், வெள்ளிக்கிழமைக்குள் தபாலில் போட வேண்டும். என் ஆட்களோ நிலாவில் கரி தீர்ந்து நிற்கிறார்கள். நிலாவில் மரமே கிடையாது என்று நானே மூன்றாம் அத்தியாயத்தில் எழுதித் தொலைத்திருந்தேன். மரமில்லாமல் ஏது கரி?

மறுநாள் காலை விசிறியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். வண்டியில் இன்னும் யாரும் ஏறவில்லை. மீன்காரம்மா கூடையோடு பின்பக்கமே வந்து நின்றாள்.

"இன்னா நைனா, ராணி எப்ப பூலோகம் வர்றா?"

"எனக்கின்னா தெரியும் யக்கா. கண்டக்டரைக் கேளு."

"கண்டக்டரா? அந்தாளு என் கூடைகிட்ட வந்து ஒரு வருசம் ஆவுது. நான் மீனாண்ட பேசறத கேக்கறது உன் ஒலையும் நீயும்தான். ஒல கத எழுதாது."

நான் விசிறியை வேகமாகச் சுற்றினேன். இன்னும் கொஞ்சம் சுற்றியிருந்தால் வண்டி தானாகவே கிளம்பியிருக்கும்.

"யாராண்டயும் சொல்லாத யக்கா. தெரிஞ்சா எல்லாரும் இந்தப் பக்கம் வந்து நின்னு என் மூஞ்சியப் பாப்பாங்க. எனக்கு ஒரு வரி ஓடாது."

"சொல்லல. ஆனா ராணி மீனாண்ட வாக்கு குடுத்துக்கீறா. அத்தக் காப்பாத்தணும். அங்கயே வுட்டுட்டு கதைய முடிச்சே, வண்டி பூரா சொல்லிடுவேன். வானகரம் வரைக்கும் கேக்கும்."

அவள் சொன்னால் உண்மையிலேயே வானகரம் வரைக்கும் கேட்கும். புதன்கிழமை போனது. வியாழக்கிழமை மத்தியானம் வண்டிக்கு அடியில் படுத்து நாலு முடிவு எழுதினேன். ஒன்றில் எல்லாம் கனவு. அதை நானே கிழித்தேன். ஒன்றில் கப்பலின் பலகைகளையே உடைத்து எரித்தார்கள். பாதி வழியில் கப்பலே இல்லாமல் போயிற்று. மற்ற இரண்டைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை கரி ஈரம். எவ்வளவு சுற்றியும் வாயு ஏறவில்லை. ஜனங்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். டிரைவர் பொறுமையிழந்து எட்டிப் பார்த்து, "வுடு அண்ணாத்தே, ஏறு. புளியமரம் வரைக்கும் சும்மாவே போவும், அதுக்குள்ள ஏறிடும்" என்றார். இது தினமும் நடப்பதுதான். கரியை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டுவது எங்கள் தடத்து டிரைவர்கள் எல்லாரும் செய்கிற வேலை. நான் பின்னால் ஏணியில் தொற்றிக்கொண்டேன். பிரேக்கை எடுத்ததும் வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் மேட்டிலிருந்து நழுவியது. ஏரிக்காற்று காதில் அடித்தது. ஒரு கரண்டி கரி செலவில்லாமல் இருபது பேரும் ஒரு கூடை மீனும் போய்க்கொண்டிருந்தோம்.

நிலா மேலே இருக்கிறது. பூமி கீழே இருக்கிறது. நிலாவிலிருந்து பூமிக்கு முழுக்க முழுக்க இறக்கம்.

அன்று மத்தியானம் மூன்று பக்கத்தையும் ஒரே மூச்சில் எழுதித் தபாலில் போட்டேன். துடைக்கவில்லை. கரி தேவையே இல்லை என்று மாலுமி கண்டுபிடிக்கிறான். நிலாவின் விளிம்பு வரைக்கும் கப்பலைத் தள்ளிவிட்டால் போதும், அப்புறம் அது தானாக உருளும். ஏழு பேர் தள்ளியும் நகரவில்லை. அப்போது, பிறந்ததிலிருந்து எதையும் தள்ளாத ராணி குடத்தை உள்ளே வைத்துவிட்டு இறங்கி வந்து கை வைக்கிறாள். என்னை மிரட்டினாள் அல்லவா? அந்தக் கடனை நான் இப்படித் தீர்த்தேன்.

இதழ் வந்த அன்று கண்டக்டர் அதை உயிரைக் கொடுத்துப் படித்தார். குடத்தை ஒரு ஆற்றில் கவிழ்த்து ராணி மீன்களை விட்டதோடு கதை முடிந்தது. பாய்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஐடியா சரி. ஆனா அவ்ளோ இறக்கத்துக்கு பிரேக்கு? பிரேக்கு ஒண்ணும் சொல்லலியே." கண்டக்டர் கடைசிப் பக்கத்தை ஒரு தடவை புரட்டினார். பிறகு, "பக்கம் பத்தல பாய்" என்றார். அது உண்மையும்கூட.

அன்று சாயங்காலம் மேட்டடியில் வண்டி நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். இறங்கிய எல்லாரும் திரும்பி மீன்காரம்மாவைப் பார்த்தார்கள்.

"ராணியே எறங்கி தள்ளுனா. உனக்கின்னாம்மா?"

அவள் காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, பின்பக்கம் நின்ற என்னை ஒரு பார்வை பார்த்தாள். சொல்லிவிடப் போகிறாள் என்று நான் உலைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"ராணி டிக்கெட்டு வாங்கல" என்றாள். "நான் வாங்கிக்கீறேன்."

தள்ளினோம். என் பக்கத்தில் தோள் கொடுத்துத் தள்ளிய கண்டக்டர் மூச்சிரைக்கச் சொன்னார்: "எழுதறது எவ்ளோ கஷ்டம் தெரியுமா உனக்கு? நீ பாட்டுக்கு சுத்திக்கினு கீற."

"தெரியாது அண்ணாத்தே" என்றேன்.

மேலே கடைசி சீட்டில் யாரோ கூடையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது.