கிடைக்கு விட்ட வாசல்

வேலியின் கடைசிக் கம்பியை முறுக்கிவிட்டு என் வீட்டுக்காரர் நிமிர்ந்த அன்று சாயங்காலமே, அந்த வேலியைப் பிரிக்கச் சொல்ல வேண்டிய நிலைமை எனக்கு வந்தது.

இது தொண்ணூறுகளில் நடந்தது. அதுவரை நான் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். பசுவந்தனைப் பக்கம் கிணற்றோடு ஒரு துண்டுக் கரிசல் அமைந்ததும், வேலையை விட்டுவிட்டுக் காய்கறி போட வந்துவிட்டோம். காய் வந்தால்தான் வீட்டில் உலை. புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் என்னிடம் விதையைப் பற்றியும் மருந்தைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். நான் வேலியிலிருந்து தொடங்குவேன்.

கரிசலில் கல்லுக்கால் ஊன்றும்போது, தோண்டிய மண்ணையே தள்ளிக் குழியை மூடக்கூடாது. மழையில் ஊதி, வெயிலில் வாய் பிளக்கிற மண் அது. அடுத்த கோடைக்குள் கல் குடிகாரனைப் போலச் சாய்ந்து நிற்கும். சரளையும் உடைகல்லையும் போட்டு இடிக்க வேண்டும். அவர் அப்படித்தான் இடித்தார். முள்கம்பி இழுத்து, அடியில் வேலிக்கருவை முள்ளை வைத்து நெரித்தார். ஆள் போய்வர மட்டும் ஒரு சந்து விட்டார்.

அந்த வேகத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் முதல் நாற்றங்காலை இரண்டு வெள்ளாடுகள் மொட்டையடித்திருந்தன. மாடக்கண்ணு அண்ணாச்சியின் மந்தையிலிருந்து பிரிந்து வந்தவை. மறுபடி விதை பாவி, வேலியை முடிப்பதே குறி என்று இருந்தோம்.

நிலமோ பருத்தி போட்டுப் போட்டு இளைத்தது. கிடை போடாமல் அதில் கத்தரி எழும்பாது. ராத்திரி மந்தையை நிலத்தில் அமர்த்தினால் புழுக்கையும் மூத்திரமும் விழுந்து மண் தெளியும். இங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். எங்கள் பக்கத்து மானாவாரிக் காட்டுக்கு வேலி கிடையாது. ஆடு எந்தப் பக்கமிருந்தும் வரும், எந்தப் பக்கமும் போகும். ஆட்டுக்கு வழி விட வேண்டும் என்று நினைத்துப் பார்க்கிற பழக்கமே எங்களுக்கு இல்லை.

வேலி முடிந்த சாயங்காலம் அண்ணாச்சியிடமே கிடை கேட்டுப் போனபோது, அவர் வந்து பார்த்தார். வேலியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சந்தின் முன்னால் நின்று சிரித்தார்.

“என் ஆட்டுக்குப் பயந்து கோட்டை கட்டிட்டு, அதுக்குள்ள என் ஆட்டையே விருந்துக்குக் கூப்பிடுதீகளே தாயி!”

“சந்து வழியா ஒண்ணொண்ணா விடுங்க அண்ணாச்சி.”

“கல்யாண வீட்டுப் பந்தின்னு நெனச்சியா, வரிசையில போக? ஒண்ணு நுழைஞ்சா மத்ததெல்லாம் மேல விழும். கம்பியில தோலு கிழிஞ்சா, மருந்து போடுதது நான்லா?” என்றவர் போகிற போக்கில், “நாளைக்கு ஒரு ராத்திரிதான் இங்கன. அடுத்து குளத்தூர்ப் பக்கம் போறோம்” என்றார்.

வேறு மந்தை அந்த வட்டாரத்தில் இல்லை. நாற்றோ பிடுங்கி நடும் பருவத்துக்கு வந்துகொண்டிருந்தது.

“ஒரு பக்கம் கம்பியைப் பிரிச்சிருவோமா?” என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

“ஏட்டி, கைக் கொப்புளம் இன்னும் ஆறல. யாரு ஆடு நாத்தத் தின்னுச்சோ, அவருக்கே கதவத் தொறக்கவா?”

“நாத்துக்கு வேலி இருக்கு. மண்ணுக்கு என்ன இருக்கு?”

காலையில் நானே குறட்டை எடுத்துக்கொண்டு போய், கிழக்குப் பக்கக் கல்லில் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தேன். இரண்டாவது முடிச்சில் கம்பி துள்ளி என் முன்கையில் கீறியது. பின்னால் காலடி கேட்டது.

“தள்ளு. கட்டத் தெரிஞ்சவனுக்குத்தான் அவுக்கத் தெரியும்.”

வண்டி போகிற அகலத்துக்குக் கம்பிகளைப் பிரித்து, ஆட்டின் காலில் மாட்டாதபடி பக்கத்துக் கல்லிலேயே சுற்றிவைத்தார். முள்ளை வாரி ஒதுக்கினார். நான் நாற்றங்காலைச் சுற்றி முள் வைத்து அடைத்தேன்.

பொழுது சாயும்போது மந்தை வந்தது. வழியைக் கண்டதும் அண்ணாச்சி என் வீட்டுக்காரரைப் பார்த்து, “தம்பி, இப்பத்தான் இது தோட்டம் மாதிரி இருக்கு” என்றார். அவர் முறைத்தார். ஆனால் உள்ளே போகாமல் முரண்டு பிடித்த கிடாயைத் தள்ளிவிட்டது அவர்தான்.

மறுநாள் மந்தை தோட்டத்தை விட்டு வெளியேறியதும் நிலம் முழுக்கக் கறுப்பு மிளகைக் கொட்டியது போல இருந்தது. வீட்டுக்காரர் குறட்டை எடுத்ததும் அண்ணாச்சி தடுத்தார்.

“மறுபடி கம்பியா? படல் ஒண்ணு கட்டி வையி. வருசாவருசம் வருவம்லா.”

கருவைக் கம்புகளைச் சேர்த்துக் கட்டி, இரண்டு பேர் தூக்கி நகர்த்துகிற மாதிரி ஒரு முள்படல் செய்தோம். அந்தப் போகத்தில் கத்தரிச் செடி என் இடுப்புக்கு வந்தது. எட்டயபுரம் பஸ்ஸில் ஏற்றிய முதல் கூடைக் காய் அதில் பறித்ததுதான்.

அதற்குப்பின் அண்ணாச்சியின் ஆடு எங்கள் வேலியோரம் வந்தால் எங்களுக்கு முன்னால் அவர் சத்தம்தான் கேட்கும்: “ஏலே, அங்கன போகாத! நம்ம கிடை விழுந்த எடம்!” எங்கள் தோட்டம் அவருக்கு ‘நம்ம’ எடமாகியிருந்தது.

வேலி போடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். யாரைத் தடுக்கப் போகிறோம் என்று யோசிக்கும்போதே, யாரைக் கூப்பிட வேண்டிவரும் என்றும் யோசித்துக் கல்லை ஊன்றுங்கள். இவ்வளவு நெருக்கமான வேலியில் இத்தனை அகலத்துக்குப் படல் எதற்கு என்று பார்க்கிறவர்கள் இன்றும் கேட்கிறார்கள். என் வீட்டுக்காரர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொல்வார்:

“அது ஆடு வார வாசல். நமக்குத்தான் அங்கன சந்து இருக்குல்லா.”