கன்னத்தில் உரசிப் பார்த்து அரம் வாங்கிய கிரேஸ் அக்கா

கிரேஸ் அக்கா போய்விட்டார்.

பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் காலையில் வந்த செய்தி. மேலே யாரோ போட்ட ரோஜாப்பூ குட் மார்னிங், கீழே சுகரைக் குறைக்கும் கஷாயம்... நடுவில் இது.

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரம் ஆபீஸில் எனக்கு அடுத்த மேசை அவருடையது. இரண்டு பேருக்கும் ஒரே கிறுக்கு. குட்டிக் குட்டியாக மாடல் செய்வது. நான் விமானம், அவர் வீடுகள். என் விமானங்களில் பாதி என் விரலில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மத்தியானம் நாங்கள் தலையோடு தலை வைத்து என்ன குசுகுசுக்கிறோம் என்று ஆபீஸ் முழுக்க ஒரே ஆராய்ச்சி. டைப்பிஸ்ட் அம்மாள் ஒருநாள் பின்னால் நின்று ஒட்டுக் கேட்டார். பசை காய எவ்வளவு நேரம் ஆகும் என்று பேசிக்கொண்டிருந்தோம். பாவம், அவருக்கு அன்று சோறே இறங்கவில்லை.

அந்தச் சமயம் என் அத்திம்பேர் மஸ்கட்டிலிருந்து ஒரு டூல் செட் கொண்டு வந்தார். வெல்வெட் பெட்டி, விதவிதமாகக் கத்திகள். ஆபீஸுக்கே எடுத்துப்போய்ப் பந்தா காட்டினேன்.

அக்கா ஒரு கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு சாமி. பிளேடு மழுங்கினா வேற பிளேடுக்கு எங்க போவீரு? மஸ்கட்டுக்கா?"

(கரமனை அக்கிரகாரத்துக்காரன் என்பதால் ஆபீஸில் எல்லோருக்கும் நான் சாமி.)

மழுங்கியது. ஊர் முழுக்க அலைந்தும் அந்த சைஸ் பிளேடு கிடைக்கவில்லை. அக்காவோ மெடிக்கல் ஷாப்பில் ஆபரேஷனுக்கு விற்கிற பிளேடும் பிடியும் வாங்கி ஜம்மென்று வெட்டிக்கொண்டிருந்தார். எந்தத் தெருவிலும் கிடைக்கும், விலையும் சல்லிசு.

சாமணம், அதாவது ட்வீசர், வாங்கப் பழவங்காடியில் வாட்ச் ரிப்பேர் சாமான் விற்கும் கடை. அக்கா தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக் கடையின் கண்ணாடி மேசை மேல் போடுவார். அதைத் தூக்குகிற சாமணம் மட்டும்தான் வீட்டுக்கு வரும்.

"ஒம்ம முடி ஒண்ணு தாரும் சாமி..." என்று என் மண்டையைப் பார்ப்பார். "ஓ, இங்க ஸ்டாக் இல்லியோ."

இப்படிப்பட்ட சிக்கனக்காரர் ஒருநாள் சாலை மார்க்கெட்டில், நகை செய்கிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில், இருப்பதிலேயே விலை கூடிய பொடி அரங்களை எடுத்து வைக்கச் சொன்னார். பேரமே பேசவில்லை. எனக்குத் தலை சுற்றியது.

கைப்பையிலிருந்து ஒரு தகரத் துண்டு வந்தது. டூத்பேஸ்ட் டியூபை வெட்டி விரித்தது. ஒவ்வொரு அரமாகப் போட்டு அதன் ஓரத்தை ராவி, கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் உரசிப் பார்த்தார்.

கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, இது அரமாக்கும். மொகத்துல பூசுற ஸ்னோ இல்ல."

"தெரியும் அண்ணாச்சி. இன்னும் நைஸா ஒண்ணு எடும்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "வெட்டுறதுக்கு எதுவும் போதும் சாமி. ராவுறதுல கஞ்சத்தனம் பாத்தா அப்பாக்கு வெரல் கீறிரும்."

அக்கா பிறந்தது போனக்காடு தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஒரே தகரக் கூரையின் கீழே வரிசையாகத் தொழிலாளர் வீடுகள்... அதுதான் லயம். தோட்டத்து வேலை நின்ற பிறகு அப்பாவை டவுனுக்குத் தன்னோடு கூட்டி வந்தார். சுகர் அவர் கண் இரண்டையும் கொண்டுபோய்விட்டது. தினமும் லயத்துக்குப் போகணும், லயத்துக்குப் போகணும் என்று ஒரே பாட்டு. முழங்காலும் போன மனிதரை அந்த மலை ரோட்டில் எப்படி ஏற்றுவது?

அதனால் லயத்தையே செய்துகொண்டிருந்தார். தேயிலைப் பெட்டிப் பலகையில் சுவர், டியூப் தகரத்தில் கூரை. விரலால் பார்க்க ஒரு மாடல்.

"அவர்ட்ட சொல்லல சாமி. சொல்லிட்டா, தெரியாட்டியும் 'ஆமா மக்ளே, நம்ம லயந்தான்'னு எனக்காச் சொல்லிருவாரு. அந்தப் பொய் எனக்கு வேண்டாம்."

"சொல்லாம குடுத்து, அவருக்குத் தெரியாமப் போனா?"

"போனா... வெந்நி அடுப்புக்கு வெறகாச்சு" என்றார். அரங்களைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஆபீஸைப் பார்க்க விறுவிறுவென்று நடந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வீட்டுக்கு வரச் சொன்னார். பெரியவர் மடியில் மாடலை வைத்து, "ஒரு சாதனம் கொண்டாந்திருக்கேன், தொட்டுப் பாருங்கப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

விரல்கள் கூரை மேல் ஊர்ந்தன. தகரத்தின் மடிப்புகளில் ஏறி இறங்கின. சுவருக்கு வந்தன.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். டைப்பிஸ்ட் அம்மாள் பார்த்திருந்தால் ஜென்மம் சாபல்யமாகியிருக்கும்.

பெரியவர் ஒரு வாசலில் விரலை விட்டார்... எடுத்தார். அடுத்த வாசல். அதற்கும் அடுத்தது. கடைசி வீட்டில் விரல் நின்றது.

"எந்த மடையன் செஞ்சான் இத?"

எனக்கு எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது.

"கடசி வீட்டுக்கு எடது பக்கமா கதவு வைப்பான்? அங்க அடுப்புல்லா இருந்துது! ஒங்கம்மா எங்க வச்சு சோறு பொங்குவா?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. "அந்த மடச்சி நாந்தாம்ப்பா."

"நீயா... அதான பாத்தேன். நீ எப்ப அடுப்படிப் பக்கம் வந்தே?" என்றார். வாசலிலிருந்து விரலை மட்டும் எடுக்கவில்லை.

கெஞ்சி வாங்கித்தான் கதவை மாற்றினோம். நான் அறுத்த பக்கம் கோணல். அதையும் தடவிக் கண்டுபிடித்து, "சாமிக்கு அம்பலத்துல மணியடிக்கிற சோலியே போதும்" என்று எனக்கும் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு, கோழிக்கூடு எங்கே என்றார். அதற்கடுத்த ஞாயிறு, தண்ணீர்த் தொட்டி. அவர் இருந்தவரை அந்த லயம் முடியவே இல்லை. அக்கா முடிக்க விரும்பிய மாதிரியும் தெரியவில்லை.

நாளை மதியம் அடக்கம். போகிறேன்.

பார்த்துப் போங்கள் அக்கா... அங்கே பெரியவர் உங்களுக்கென்று குறைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.