டாக்கெட்டின் வலது கை

வீட்டுச் சாவி எங்கே என்று மனைவி வெர்னா கேட்டாலும் ஆர்வில் டாக்கெட் வாயைத் திறப்பதில்லை. கண்ணைச் சுருக்கி, வலது கையை முழுதாக நீட்டி, மேசையைக் காட்டுகிறார். "வாயத் தொறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்?" என்கிறாள் அவள்.

பத்தொன்பது வருடமாக அதுதான் அவர் பிழைப்பு. கௌபாய் படங்களில் கொள்ளைக்காரர்கள் குதிரையில் பறப்பார்கள். பின்னாலேயே ஷெரிப் வந்து நிற்பார். லாயத்து வாசலில் நிற்கும் டாக்கெட், "அந்தப் பக்கம் போனாங்க, ஷெரிப்!" என்று கை நீட்டுவார். அவ்வளவுதான் வேடம். சினிமா போய் டெலிவிஷன் வந்தது, ஷெரிப்கள் மாறினார்கள், குதிரைகள்கூட ஓய்வு பெற்றன. டாக்கெட் அதே வாசலில் நின்றார். வான் நைஸ் பேட்டை மதுக்கடையில் யாராவது கிண்டல் செய்தால், "நான் இல்லேன்னா ஒரு திருடனும் மாட்டியிருக்க மாட்டான், தெரிஞ்சுக்க" என்பார். அதில் பொய்யும் இல்லை.

போன வாரம் அதிர்ஷ்டம் அடித்தது. கொள்ளைக்காரனின் அப்பா வேடம்: ஒன்பது வசனம், ஓர் அழுகை. மகனைக் காப்பாற்ற, ஷெரிப்புக்குத் தப்பான பக்கம் கை காட்ட வேண்டும். வெர்னா தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

சாட்ஸ்வொர்த் பாறைகளுக்கு நடுவே படப்பிடிப்பு. டாக்கெட் அழுத அழுகையில் கேமரா தள்ளும் முரடனே கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு ஷெரிப் கேட்டார். டாக்கெட்டின் கை, மகன் ஒளிந்திருந்த பாறையை நேராகக் காட்டியது.

"யோவ், பெத்த புள்ளையக் காட்டிக் குடுக்கறியே!" என்று கத்தினார் இயக்குநர் ஸ்லோன்.

"மன்னிச்சுக்குங்க சார். கை பழகிப்போச்சு."

ஆறு முறை எடுத்தார்கள். ஆறு முறையும் மகன் மாட்டினான். ஏழாவது முறை கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள், தாடை பாறைப் பக்கம் நீண்டு காட்டிக்கொடுத்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஸ்லோன் வேறொருவருக்குப் போன் போட்டுவிட்டார்.

ஒட்டுத்தாடியைக் கையில் பிடித்தபடி டாக்கெட் சாலை பிரியும் இடத்தில் பஸ்ஸுக்காக நின்றார். வெர்னாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு நீலக் கார் வந்து நின்றது. வசனத் தாளோடு ஒரு நரைத்த தலை எட்டிப் பார்த்தது.

"அண்ணே, ஸ்லோன் சார் ஷூட்டிங் எந்தப் பக்கம்? அப்பா வேஷத்துக்கு அவசரமாக் கூப்பிட்டாங்க. லேட்டானா மனுஷன் வேற ஆளப் பாத்துடுவாராம்."

இடப் பக்கம் போனால் முப்பது மைலுக்குப் புழுதியும் கள்ளியும்தான். டாக்கெட் அந்த ஆளை ஏற இறங்கப் பார்த்தார். ஒரே ஒரு பொய் சொல்ல மனதார ஆசைப்பட்டார். 'இடப் பக்கம்' என்று சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டார்.

அதற்குள் வலது கை எழுந்து, முழுதாக நீண்டு, சரியான வழியைக் காட்டியது.